சட்டங்களின் கதை – 14: நான்கு வக்கீல்களும் ஒரு தளபதியும்

சென்ற வாரம் 1793 ஜனவரி 21-ம் தேதியில் நிறுத்தியிருந்தோம். பதினாறாம் லூயியின் தலை பாரிஸில் கில்லட்டினில் விழுந்த நாள். மன்னர் போய்விட்டார். மன்னர் காலத்துச் சட்டம் போகவில்லை. மறுநாள் காலையில் கடன் பத்திரத்தையும் வரப்புத் தகராறையும் தூக்கிக்கொண்டு கோர்ட் படி ஏறியவர்களுக்குப் பெரும்பாலும் தாத்தா காலத்துச் சட்டப்படியே தீர்ப்பு கிடைத்தது.

அந்தப் பழைய சட்டங்கள் ஒழிந்து, அவற்றின் இடத்தில் ஒரே ஒரு புத்தகம் வந்து உட்கார இன்னும் பதினோரு ஆண்டுகள் பிடித்தன. ‘நெப்போலியன் சட்டம்’ என்று பள்ளிப் பாடம் அதை ஒரே வரியில் சொல்லி முடித்துவிடும். நெப்போலியன் இல்லாவிட்டால் அது வந்திருக்காது என்பது உண்மைதான். ஆனால் எழுதியவர் அவர் அல்லர். பிரான்ஸின் வடக்கும் தெற்கும், பழைய காலமும் புரட்சிக் காலமும் எதிரெதிரே உட்கார்ந்து பேசி முடித்த சமரசம் அது. பேச்சில் யார் யாருக்கு இடம் கிடைத்தது, யாருக்குக் கிடைக்கவில்லை என்பதில்தான் அதன் பெருமையும் குறையும் இருக்கின்றன.

ஊருக்கு ஊர் ஒரு நியாயம்

புரட்சிக்கு முந்தைய பிரான்ஸுக்கு மன்னர் ஒருவர், சட்டம் பல. மேற்கே அட்லாண்டிக் கடற்கரையிலிருந்து கிழக்கே ஜெனீவா வரை குறுக்காக ஒரு கோடு போட்டால், அதற்குத் தெற்கே பேரரசர் ஜஸ்டீனியன் காலத்து ரோமானியச் சட்டம் செல்லுபடியாகும். வடக்கே வட்டார வழக்கங்கள். பெரிய வழக்கங்கள் மட்டும் சுமார் 60. அவற்றுக்குள் ஊர் அளவில் செல்லும் சிறு வழக்கங்கள் சுமார் 300.

ஒரு பெண்ணின் நிலைமையை வைத்துப் பார்த்தால் இது புரியும். பாரிஸ் வழக்கப்படி, கல்யாணத்துக்குப் பிறகு சேர்த்த சொத்து தம்பதி இருவருக்கும் பொது; கணவன் இறந்தால் அதில் பாதி அவளுக்கு. அவளே நார்மண்டியில் வாழ்க்கைப்பட்டிருந்தால் பொதுச் சொத்து என்ற பேச்சுக்கே இடமில்லை. அங்கே அண்ணன் தம்பி உள்ள பெண்ணுக்கு அப்பா சொத்திலும் பாகம் கிடையாது. கல்யாணத்துக்கென்று ஏதோ கொடுத்து அனுப்பிவிடுவார்கள். தெற்கே ப்ரொவான்ஸில் என்றால் சீதனம்தான் எல்லாம். சீதன நிலத்தைக் கணவன் நிர்வகிக்கலாம், விற்க முடியாது. அதே தெற்கில் ஓர் அப்பா உயில் எழுதி ஒரே மகனுக்குப் பெரும்பங்கைக் கொடுத்துவிட்டுப் போகலாம்.

வழக்கங்கள் எழுத்தில் ஏறாத காலத்தில், இன்னதுதான் வழக்கம் என்று நிரூபிப்பதே பெரும்பாடு. அந்த வட்டாரத்தில் விவரம் தெரிந்தவர்கள் பத்துப் பேரையாவது கோர்ட் அழைக்கும். அவர்கள் தனியே கலந்து பேசி, ஒருவரைப் பேசச் சொல்லி, ஒரே குரலாகப் பதில் தர வேண்டும். ஒரே குரல் என்பதால் பத்துப் பேரும் சேர்ந்து ஒரு சாட்சிதான் என்று பின்னாளில் கணக்கிட்டார்கள். ஒரே சாட்சியை நம்பித் தீர்ப்புச் சொல்லக் கூடாது என்பது இன்னொரு விதி. ஆகவே இரண்டாவதாகவும் ஒரு பத்துப் பேரைக் கூட்ட வேண்டியதாயிற்று. இந்த நடைமுறையை 1667-ல்தான் ஒழித்தார்கள்.

வழக்கங்களை எழுதிவைக்கும்படி ஏழாம் சார்லஸ் 1454-ல் ஆணையிட்டார். மன்னரின் அதிகாரிகள் மதகுருமார், பிரபுக்கள், மற்றவர்கள் என மூன்று தரப்பாரையும் கூட்டி, வரைவை வாசித்துக் காட்டி, எல்லோரும் ஒப்புக்கொண்டதைப் பதிவு செய்தார்கள். பாரிஸின் வழக்கம் எழுத்தில் ஏற 1510 ஆயிற்று. 1580-ல் அதைத் திருத்தினார்கள். எழுதியதால் குழப்பம் குறைந்தது. கூடவே, ஊருக்கு ஊர் இருந்த வேற்றுமையும் கெட்டிப்பட்டுப் போனது.

நீதிபதிகள் மீதும் மக்களுக்கு நம்பிக்கை இல்லை. ‘பர்லமான்’ எனப்பட்ட உயர் நீதிமன்றங்களில் நீதிபதிப் பதவியை விலைக்கு வாங்கலாம். 1604 முதல் ஆண்டு வரி கட்டி வந்தால் பிள்ளைக்கும் அதை விட்டுச் செல்லலாம். வழக்கில் ஜெயித்தவர் ஒரு காலத்தில் நன்றிக்குக் கொடுத்த வாசனைப் பொருள்கள், பிறகு கட்டாயப் பணமாகவே மாறிவிட்டன. 1762 மார்ச் 10 அன்று, சொந்த மகனைக் கொன்றதாகக் குற்றம் சாட்டி, ஜான் கலாஸ் என்ற புராட்டஸ்டன்ட் துணி வியாபாரியைத் துலூஸ் நகரில் சக்கரத்தில் கட்டி எலும்பை முறித்துக் கொன்றார்கள். தீர்ப்பு அந்த ஊர் பர்லமானுடையது. எழுத்தாளர் வோல்தேர் விடாமல் போராடிய பிறகு, 1765-ல் கலாஸ் நிரபராதி என்று அறிவிக்கப்பட்டது. புரட்சித் தலைமுறைக்கு நீதிபதி என்றாலே சந்தேகம் வந்ததற்கு இதெல்லாம் காரணம்.

இந்தச் சிக்கலுக்கு நடுவே இரண்டு பேர் அமைதியாக ஒரு வேலை செய்து வைத்திருந்தார்கள். தொமா என்பவர் 1689-ல் ரோமானியச் சட்டத்தை ஒழுங்குபடுத்தி, பிரெஞ்சு மொழியில் நூலாக்கினார். ஓர்லியான் நகர நீதிபதி போத்தியே, ஒப்பந்தங்களையும் கடமைகளையும் பற்றி 1761-ல் எழுதினார். பின்னால் சட்டம் எழுத உட்கார்ந்தவர்கள் போத்தியேயின் பக்கங்களிலிருந்து பத்தி பத்தியாக எடுத்துக்கொண்டார்கள்.

மூன்று வரைவு, மூன்றும் தோல்வி

நாடு முழுமைக்கும் பொதுவான சிவில் சட்டத் தொகுப்பு ஒன்று தருவோம் என்று 1791 அரசியல் சாசனம் வாக்குக் கொடுத்தது. தொகுப்பு வருவதற்குள் தனித்தனிச் சட்டங்கள் பாய்ந்து வந்தன. 1792 செப்டம்பர் 20-ல் விவாகரத்து வந்தது. பிறப்பு, கல்யாணம், இறப்புப் பதிவேடுகள் அதே நாளில் பாதிரியார் கையிலிருந்து நகராட்சிக்குப் போயின.

இவற்றில் பெரிய கலகத்தைக் கிளப்பியது 1794 ஜனவரியில் வந்த வாரிசுச் சட்டம். ஆண், பெண், மூத்தவர், இளையவர் என்ற பேதமின்றி எல்லாப் பிள்ளைகளுக்கும் சமபாகம் என்றது. நல்லதுதான். ஆனால் அதைப் புரட்சி வெடித்த 1789 ஜூலை 14-லிருந்தே பின்தேதியிட்டு அமலாக்கினார்கள். நாலரை ஆண்டுகளில் பாகம் பிரித்து முடித்திருந்த குடும்பங்கள் மறுபடி கணக்கைத் திறக்க வேண்டி வந்தது. விற்றுவிட்ட நிலங்கள், கட்டிக்கொடுத்துவிட்ட பெண்கள், செலவாகிப்போன பணம் எல்லாம் வழக்காக மாறின. அடுத்த ஆண்டே பின்தேதியை ரத்து செய்தார்கள்.

தொகுப்பு எழுதும் பொறுப்பு கம்பாசெரேஸ் என்ற சட்ட நிபுணருக்குப் போயிற்று. புரட்சி மன்றம் அவருடைய குழுவுக்குக் கொடுத்த அவகாசம் ஒரு மாதம்! 1793 ஆகஸ்டில் 719 பிரிவுகளோடு வந்தார். வக்கீல் வாடை அதிகம் அடிக்கிறது, தத்துவம் போதாது என்றார்கள். 1794-ல் 297 பிரிவுகளாகச் சுருக்கிக் கொண்டுவந்தார். இவ்வளவு சுருக்கம் நடைமுறைக்கு உதவாது என்றார்கள். 1796-ல் 1,104 பிரிவுகள். அதற்குள் அரசியல் காற்று மாறிவிட்டது. அந்த வரைவும் தூங்கிப்போனது.

நால்வர் வந்தார்கள்

1799 நவம்பரில் ராணுவ பலத்தோடு ஆட்சியைப் பிடித்த நெப்போலியன் போனபார்ட், 1800 ஆகஸ்ட் 12 அன்று நால்வர் குழு ஒன்றை அமைத்தார். அன்று அவருக்கு 31 வயது நிறைய மூன்று நாள் பாக்கி.

நால்வரும் புரட்சியின் தீவிரவாதிகள் இல்லை. பழைய காலத்தில் வக்கீல் தொழில் பழகியவர்கள். பாரிஸின் த்ரோன்ஷே, 74 வயது. பதினாறாம் லூயியின் விசாரணையில் அவருக்காக வாதாடிய வக்கீல்களில் ஒருவர். பிகோ த ப்ரெயாமனோ, பிரான்ஸின் வடமேற்கு மூலையில் உள்ள பிரெத்தாஞ் பகுதிக்காரர். இந்த இருவரும் வடக்கின் வழக்கச் சட்டத்தில் ஊறியவர்கள். போர்த்தலிஸ் ப்ரொவான்ஸ் மண்ணில் வக்கீலாக இருந்தவர். அரசியல் காரணமாக நாட்டை விட்டு ஓடிப்போயிருந்து அப்போதுதான் திரும்பியிருந்தார். பார்வை மங்கிக்கொண்டே வந்ததை அபார ஞாபகசக்தியால் ஈடுகட்டியவர். குழுவின் செயலாளர் மால்வில், தென்மேற்கே பெரிகோர் பகுதியைச் சேர்ந்தவர். இவர்கள் இருவரும் தெற்கின் ரோமானியச் சட்டக்காரர்கள். வடக்கிலிருந்து இரண்டு, தெற்கிலிருந்து இரண்டு என்ற இந்தக் கணக்கு தற்செயலாக அமைந்ததல்ல.

ஏறக்குறைய நான்கே மாதத்தில் வரைவு முடிந்தது. அச்சடித்து எல்லா மேல்முறையீட்டு நீதிமன்றங்களுக்கும் அனுப்பிக் கருத்துக் கேட்டார்கள். பிறகு அரசாங்க ஆலோசனை சபையில் நூற்றுக்கு மேற்பட்ட அமர்வுகளில் பிரிவு பிரிவாக விவாதித்தார்கள். அவற்றில் ஏறத்தாழ பாதி அமர்வுகளுக்கு போனபார்ட்டே தலைமை வகித்தார். சட்டம் படித்தவர் அல்லர். ஆனால் கேள்வி கேட்பார், வழவழா பேச்சை வெட்டுவார், முடிவுக்குத் தள்ளுவார். கம்பாசெரேஸால் மூன்று முறை முடியாதது இப்போது முடிந்ததற்கு இந்த விரட்டல் ஒரு காரணம்.

இன்னொரு காரணம் அத்தனை அழகானதல்ல. அன்றைய அமைப்பில் ஒரு மன்றம் சட்ட வரைவை விவாதிக்கலாம், ஓட்டுப் போட முடியாது. இன்னொரு மன்றம் ஓட்டுப் போடலாம், வாய் திறக்க முடியாது. 1801 இறுதியில் சிவில் சட்டத்தின் முதல் பகுதி தோற்றது. போனபார்ட் வரைவுகளைத் திரும்பப் பெற்றார். ஆண்டுதோறும் ஐந்தில் ஒரு பங்கு உறுப்பினர்களை மாற்றும் விதியை வைத்தே, விவாத மன்றத்தில் எதிர்த்துப் பேசியவர்களைக் கழற்றிவிட்டார். அதன் பிறகு 36 சட்டங்கள் வரிசையாக நிறைவேறின. 1804 மார்ச் 21-ல் அந்த 36-ம் 2,281 பிரிவுகள் கொண்ட ஒரே தொகுப்பாயின. தொகுப்பில் பேசப்பட்ட விஷயங்களில் ரோமானியச் சட்டம், வட்டார வழக்கம், அரச ஆணை எதுவும் இனிச் செல்லாது என்று அதே நாளின் சட்டம் அறிவித்தது.

அன்று விடியுமுன் இன்னொன்றும் நடந்தது. பக்கத்து நாடான பாடனிலிருந்து கடத்திக்கொண்டு வரப்பட்ட ஆங்கியென் பிரபு என்ற அரச குடும்பத்து இளைஞரை, பாரிஸை அடுத்த வான்சென் கோட்டையின் அகழியில் சுட்டுக் கொன்றார்கள். ராணுவ அதிகாரிகள் நடுராத்திரியில் கூடி விசாரித்தார்கள். அவருக்கு வக்கீல் இல்லை. ஒரே தேதியில் ஒரே மனிதரின் ஆட்சி இரண்டையும் செய்தது.

புத்தகத்தைத் திறந்தால்

முதல் பிரிவே சுவையானது. புதுச் சட்டம் எப்போது அமலுக்கு வரும்? பாரிஸ் மாவட்டத்தில் அறிவித்த மறுநாள். மற்ற இடங்களில், பாரிஸிலிருந்து ஒவ்வொரு 100 கிலோமீட்டருக்கும் ஒரு நாள் கூடுதல். சுமார் 800 கிலோமீட்டர் சாலைத் தூரத்தில் இருந்த மார்செய் நகரத்துக்குச் சட்டம் போய்ச் சேர எட்டு நாள் அதிகம். தபால் குதிரையின் வேகத்தில் சட்டம் பயணம் செய்தது.

நான்காம் பிரிவு நீதிபதிக்கு. சட்டம் மௌனமாக இருக்கிறது, தெளிவாக இல்லை, போதாது என்று சாக்குச் சொல்லித் தீர்ப்பளிக்க மறுத்தால் நீதிபதி மீதே வழக்குத் தொடரலாம். ஐந்தாம் பிரிவு அவருக்குக் கடிவாளம் போட்டது: கையில் இருக்கும் வழக்கைத் தீர்க்கலாம், எல்லோருக்கும் பொருந்தும் விதியை உண்டாக்கக் கூடாது. பர்லமான்களின் நினைவு இன்னும் ஆறவில்லை.

சமரசம் நன்றாகத் தெரிவது குடும்பச் சொத்தில். கல்யாணத்தின்போது தனி ஒப்பந்தம் எதுவும் எழுதாவிட்டால் பாரிஸ் பாணியில் பொதுச் சொத்து. தெற்கத்திய பாணியில் சீதனம்தான் வேண்டுமென்றால் ஒப்பந்தம் எழுதிக்கொள்ளலாம். வாரிசுரிமையில் பிள்ளைகளுக்குச் சமபாகம் என்ற புரட்சியின் கொள்கை நின்றது. ஆனால் தெற்கத்திய அப்பாவின் உயில் உரிமையையும் முழுக்கப் பறிக்கவில்லை. ஒரே பிள்ளை என்றால் சொத்தில் பாதியை அவர் விருப்பம்போல் யாருக்கும் எழுதலாம். இரண்டு பிள்ளை என்றால் மூன்றில் ஒரு பங்கு. மூன்றும் அதற்கு மேலும் என்றால் கால் பங்கு. 913-ம் பிரிவின் இந்தப் பின்னக் கணக்கில் நால்வர் குழுவின் மொத்தப் பேரமும் அடங்கியிருக்கிறது.

விவாகரத்தும் அப்படித்தான். புரட்சி தந்ததைப் பறிக்கவில்லை, வாசலைக் குறுக்கினார்கள். பரஸ்பர சம்மதத்தோடு பிரிய வேண்டுமென்றால் கணவனுக்கு 25 வயது, மனைவிக்கு 21 வயது ஆகியிருக்க வேண்டும். கல்யாணமாகி இரண்டு ஆண்டு கழிந்திருக்க வேண்டும், இருபது ஆண்டு தாண்டியிருக்கக் கூடாது. பெற்றோரின் சம்மதமும் வேண்டும். போதாதென்று, இருவர் சொத்திலும் பாதி உடனே பிள்ளைகளுக்குப் போய்விடும். மன்னராட்சி திரும்பியதும் 1816-ல் இந்தக் குறுகிய வாசலையும் மூடினார்கள். அது மறுபடி திறக்க 1884 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

புரட்சியில் பறிமுதலான தேவாலய நிலங்களை ஏலத்தில் எடுத்தவர்கள் பிரான்ஸெங்கும் இருந்தார்கள். பழைய சொந்தக்காரன் திரும்பி வந்தால் என்ன ஆகும் என்ற பயம் அவர்களுக்கு. சொத்துரிமையை முழுமையான உரிமை என்று சொன்ன 544-ம் பிரிவு அவர்களுக்கு நிம்மதி தந்தது. 2,281 பிரிவுகளில் 1,571 பிரிவுகள் சொத்து எப்படிக் கைமாறுகிறது என்பதைப் பற்றியவை. இது சொத்து உள்ளவர்களின் சட்டம் என்று சொன்னால் தவறாகாது.

பேச்சில் இடம் கிடைக்காதவர்கள்

213-ம் பிரிவின்படி கணவன் மனைவிக்குப் பாதுகாப்புத் தர வேண்டும், மனைவி கணவனுக்குக் கீழ்ப்படிய வேண்டும். அவன் அனுமதியில்லாமல் அவள் கோர்ட்டுக்குப் போக முடியாது. சொத்து வாங்கவோ விற்கவோ முடியாது. மனைவி வேறொருவரோடு உறவு வைத்தால் கணவன் விவாகரத்து கேட்கலாம். கணவன் வேறொருத்தியோடு உறவு வைத்தால் மனைவி கேட்க முடியாது; அவளைத் தன் வீட்டுக்கே கொண்டுவந்து வைத்திருந்தால்தான் கேட்கலாம். கல்யாணமாகாமல் பிறந்த குழந்தையின் தகப்பன் யார் என்று கோர்ட்டில் நிரூபிக்கவும் 340-ம் பிரிவு தடை போட்டது. அத்தகைய குழந்தைகளுக்குப் புரட்சி தந்திருந்த சம உரிமை காணாமல் போயிற்று.

தொழிலாளிக்கு 1781-ம் பிரிவு. கூலி எவ்வளவு, கொடுத்தாயிற்றா என்று தகராறு வந்தால் முதலாளி சொல்வதே எடுபடும். எல்லோரும் சமம் என்று தொடங்கிய ஒரு தொகுப்பில் இந்த வரி 1868 வரை இருந்தது. கரீபியன் தீவுகளில் பிரெஞ்சுக் கொடியின் கீழ் வாழ்ந்த அடிமைகளின் நிலை இன்னும் மோசம். புரட்சி 1794-ல் ஒழித்த அடிமை முறையை போனபார்ட் 1802-ல் மீட்டுக்கொண்டு வந்தார். 1848-ல்தான் அது ஒழிந்தது.

பெண்கள் இந்தக் கட்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்ற வேண்டியிருந்தது. மனைவி தன் சம்பளத்தைத் தானே வைத்துக்கொள்ளும் உரிமை 1907-ல் வந்தது; கீழ்ப்படிய வேண்டும் என்ற வரி 1938-ல் போயிற்று; கணவனின் அனுமதியின்றி வேலைக்குப் போகவும் பேங்கில் கணக்குத் திறக்கவும் 1965 ஆயிற்று.

இயந்திரத்தையும் 1804-ன் புத்தகம் எதிர்பார்க்கவில்லை. ஓர் இழுவைப் படகின் கொதிகலன் வெடித்து மெக்கானிக் இறந்துபோனார். யார் தவறு என்று நிரூபிக்க வழியில்லை. தன் பொறுப்பில் உள்ள பொருளால் வரும் கேட்டுக்கும் ஒருவர் பதில் சொல்ல வேண்டும் என்று 1384-ம் பிரிவில் யாரும் பெரிதாகக் கவனிக்காத சில சொற்களை எடுத்து, முதலாளியே நஷ்டஈடு தர வேண்டும் என்று பிரான்ஸின் உச்ச நீதிமன்றம் 1896 ஜூன் 16-ல் தீர்ப்பளித்தது. இரண்டே ஆண்டில், 1898-ல், தொழில் விபத்து நஷ்டஈட்டுச் சட்டம் வந்தது. விதி உண்டாக்கக் கூடாது என்று ஐந்தாம் பிரிவு தடுத்த அதே நீதிபதிகள்தான் பிரான்ஸின் விபத்துச் சட்டத்தைப் பெருமளவு உருவாக்கினார்கள்.

இந்தப் புத்தகம் நம் பக்கமும் வந்தது. புதுச்சேரியில் பிரெஞ்சுச் சட்டத் தொகுப்புகள் 1819-ல் அமலாயின. கல்யாணம், வாரிசு போன்றவற்றில் இந்தியர்களுக்கு அவரவர் சாதி வழக்கம் தொடரும் என்று அதே ஆணை விட்டுவைத்தது. 1881-ல் வந்த ஆணைப்படி, விரும்புகிறவர் தம் வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு சிவில் சட்டத்தின் கீழ் வரலாம். அப்படி முதலில் வந்தவர்களில் ஒருவர், கோர்ட்டுக்குள் ஷூ அணிந்து சென்றதற்காகத் தண்டிக்கப்பட்டுப் பாரிஸ் வரை வழக்காடிய வக்கீல் பொன்னுத்தம்பி பிள்ளை. ‘ரெனோன்சான்’ எனப்படும் அந்தக் குடும்பங்களின் வாரிசுகளுக்குப் புதுச்சேரியில் இன்றும் கல்யாணத்திலும் வாரிசுரிமையிலும் பிரெஞ்சுச் சட்டமே பொருந்துகிறது. இந்தியாவின் இந்து திருமணச் சட்டம் அவர்களைக் கட்டுப்படுத்தாது.

பெல்ஜியமும் லக்ஸம்பர்க்கும் நெப்போலியன் தோற்ற பிறகும் இந்தச் சட்டத்தை விடவில்லை. பிரான்ஸிலும் மன்னராட்சி, குடியரசு, மறுபடி பேரரசு, மறுபடி குடியரசு என்று எத்தனையோ மாறியும் புத்தகம் மாறவில்லை. உள்ளே பக்கங்களைத்தான் மாற்றினார்கள். காரணம், வடக்கும் தெற்கும் இதில் தங்கள் கையெழுத்தைக் கண்டன. கையெழுத்துப் போட அழைக்கப்படாத பெண்ணும் தொழிலாளியும் அடிமையும் அதற்கான விலையைப் பல பத்தாண்டுகள் கட்டினார்கள், பெண் நூறாண்டுக்கும் மேல். நால்வரின் சாதனையை மெச்சுகிறவர்கள் இந்தக் கணக்கையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

பிரான்ஸ் நான்கு மாதத்தில் வரைவு எழுதிய அதே வேலைக்கு ஜெர்மனி கிட்டத்தட்ட நூறாண்டு எடுத்துக்கொண்டது. அவசரப்பட்டுச் சட்டத் தொகுப்பு எழுதவே கூடாது என்று 1814-ல் சாவினி என்ற பேராசிரியர் போட்ட சண்டையோடு அந்தக் கதை தொடங்குகிறது. அடுத்த வாரம் அதைப் பார்ப்போம்.